பூசாத திருநீறு

என் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவற்றை உடைத்தவன் ஒரு லாரி டிரைவர். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர, ஒரு வருடம் வேறு எதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் வரை போயிருக்கிறேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியிருக்கிறேன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கடைசியாக ஒரு மைக் செட்டுக்காரரிடம் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். அப்படித்தான் அந்த ஊரின் மாரியம்மன் பண்டிகைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனோம்.

அங்கே இரண்டு தெரு, மேலத்தெரு, கீழத்தெரு. நான் கட்டிய குழாய் கீழத்தெருவைப் பார்த்து நின்றது. லாரி டிரைவர் மேலத்தெருக்காரன். எங்கள் பக்கம் திருப்பு என்றான். முதலாளி வரட்டும், கேட்டுத் திருப்புகிறேன் என்றேன். அவன் லாரியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து வந்தான். நான் ஏணியில் நின்று ஒரு கையால் கம்பத்தைப் பிடித்திருந்தேன். அந்தக் கையில்தான் அடித்தான். பிறகு இரண்டு தெருவும் அடித்துக்கொண்டன.

ஸ்டேஷனில் ராஜி பேசினார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் கையெழுத்துப் போட்டன. நான் எந்தத் தெருவும் இல்லை. அதனால் என் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து லாரிக்காரன் சொன்னான்.

"டேய் மைக் செட்டு, இனிமே சோத்தக் கையில அள்ளாத. ஸ்பூன் வாங்கிக்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர் ஒருவரும் சிரித்தார்.

ஏணி ஏற முடியாமல் போனபின், இளம்பிள்ளையில் சேலை எடுத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்கத் தொடங்கினேன். அப்போதுதான் சேலத்து அக்கா என்னைப் பிடித்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சேலத்தில் ஒரு மாடியில் சின்ன அலுவலகம் வைத்திருந்தார். எந்த ஊரில் உரசல் தொடங்குகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு, கை நீள்வதற்குள் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது அவர்கள் வேலை. அதற்கு ஊர் சுற்றுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். கண்டதைப் போனில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சேலைக்காரனுக்கு இது சுலபம். சண்டை அரிவாளில் தொடங்குவதில்லை. முதலில் ஒரு தெருக்காரர்கள் மற்ற தெருவின் கடையில் டீ குடிப்பதை நிறுத்துவார்கள். பிறகு பிளெக்ஸ் கிழியும். பண்டிகைக்கு ஊரே மஞ்சள் சேலை எடுக்கும் இடத்தில், "அந்தத் தெருக்காரிங்க எடுத்த கரை எங்களுக்கு வேண்டாமுங்க" என்று ஒருத்தி சொன்னால் அன்று மாலையே அக்காவுக்குச் சொல்லிவிடுவேன். நான் சொன்னதில் பல இடங்களில் அடி விழாமல் போனது. நல்ல வேலைதான். ஆனால் நான் சேர்ந்தது அதற்காக இல்லை. என் கையை உடைத்தவன் ஊருக்குள் எந்த நாளும், யாரும் ஏன் என்று கேட்காமல், போய்வர வேண்டும். அதற்காகத்தான்.

லாரி ஓட்டுகிறவன் ஊரில் தங்குவது குறைவு. ஆனால் அந்த ஊரில் பண்டிகைக்குக் காப்புக் கட்டியவன் குண்டம் இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் வருடா வருடம் காப்புக் கட்டி, குண்டம் இறங்குகிறவன். தீயில் நடந்தும் காலில் ஒரு கொப்புளம் வந்ததில்லை என்று பெருமை பேசுகிறவன். காப்புக் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மொபெட்டை எடுத்தேன்.

கீழத்தெருவில் ஒரு அம்மா சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தீர்த்தக்குடம் எடுக்கறன்னைக்கு இந்தப் பக்கம் வராத சாமி. ஆத்தோரத்துல ஒருத்தனுக்குக் காலு போகப்போவுது."

"யாருக்குங்க?"

"அந்த லாரிக்காரனுக்குத்தான். எங்கூட்டுப் பசங்க போன வருசத்துல இருந்தே கறுவிக்கிட்டுத் திரியறானுங்க. இந்தக் கரையில பச்ச இருக்குதா?"

பச்சையை எடுத்துக் கொடுத்தேன். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போன் செய்யாமல் இருந்தால் போதும்.

ரோட்டோரக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் கால் உடைந்து விழுவதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நடப்பதையும் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். ஊரே ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும். பரிதாபம் முழுக்க அவனுக்குப் போய்விடும். என் அடியை வேறு யாரோ அடித்துவிடுவார்கள். எனக்கு அவன் முழுசாக வேண்டும். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பாத்ததா, கேட்டதா?" என்றார் அக்கா.

"கேட்டதுங்க."

"யாரை அடிக்கப் போறாங்க?"

சொன்னேன். என் கை விஷயம் அவருக்குத் தெரியும். "தம்பி, நீ பெரிய மனுசன்" என்றார். நான் மறுக்கவில்லை.

மறுநாளே அக்காவின் ஆட்கள் இரண்டு தெருப் பெரியவர்களையும் கூட்டிப் பேசினார்கள். தீர்த்தக்குடம் எடுத்த அன்று கீழத்தெருப் பெரியவர் ஒருவர் லாரிக்காரன் பக்கத்திலேயே நடந்தார். யாரும் கை வைக்கவில்லை.

குண்டத்துக்கு முந்தின நாள் காலை எல்லோரும் கோவில் முன்னால் கூடினார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குண்டம் இறங்குகிறவன், தன்னால் நோகடிக்கப்பட்டவர்கள் முன்னால் திருநீற்றுத் தட்டோடு நிற்க வேண்டும். அவர்கள் தங்கள் கையால் அவன் நெற்றியில் பூசிவிட வேண்டும். ஒருவருடைய வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு இறங்கினால் கால் வெந்துவிடும் என்பார்கள். நான் இதை நம்புகிறவன் இல்லை. அவன் நம்பினான்.

கீழத்தெருப் பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் பூசினார்கள். ஒருவன், "ஆத்தாளுக்காகப் பூசறேன், உனக்கில்ல" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கூட்டம் இளகியது. சேலத்திலிருந்து வந்திருந்த அக்காவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியில்தான், ஓரமாக மொபெட்டில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"போன வருசம் ராஜியில இவரை விட்டுட்டாங்க. இவருக்கும் முறை செய்யணும்."

அவன் தட்டோடு என் முன்னால் வந்தான். காப்புக் கட்டிய கை. மஞ்சள் வேட்டி. போன வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றான்.

நான் தட்டைப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க, பூசி உடுங்க."

கீழத்தெருப் பெரியவர், "ஒரு விரல்ல தொட்டு வெச்சுடு சாமி, முடிஞ்சு போகட்டும்" என்றார். அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சேலை மூட்டையை ஒருமுறை இழுத்துக் கட்டினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவன் தட்டோடு பின்னாலேயே வந்தான். "கை செலவு எவ்வளவுன்னாலும் குடுத்தர்றனுங்க" என்றான். "நான் அன்னைக்குக் குடிச்சிருந்தனுங்க" என்றான். ஊர் எல்லையில் ஒரு நடுகல் இருக்கிறது. அதைத் தாண்டி நான் வண்டியில் ஏறிப் போனேன். காப்புக் கட்டியிருந்ததால் அவன் அங்கேயே நின்றுவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தான்.

மறுநாள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் சேலை பிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"அவன் குண்டத்துல எறங்கலப்பா. வரிசையில நின்னான். முறை வந்ததும் தீயப் பாத்துட்டு ஒதுங்கிட்டான். ஊரே பாத்துச்சு."

"அப்புடீங்களா."

"ஒதுங்கினவனப் பாத்துக் கீழத்தெருப் பசங்க விசிலடிச்சிருக்கானுங்க. மறுபடியும் ரெண்டு தெருவும் மொறச்சுக்கிட்டு நிக்குது. நாம இத்தனை நாள் செஞ்சது உனக்குத் தெரியாதா? இத நான் ஆபீஸ் நோட்டுல என்னன்னு எழுதறது? அடிதடியா, வாய்ச்சண்டையா?"

"ரெண்டும் இல்லீங்கக்கா. நான் கையும் ஓங்கல, வாயும் தொறக்கல."

"நாளைலேருந்து நீ போன் பண்ண வேண்டாம்" என்று வைத்துவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். இரண்டு தெருவையும் உட்கார வைத்து அவர் மறுபடியும் பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கெட்டிக்காரர், சமாளித்துவிட்டார்.

அன்று அந்த வாசலில் நிறையச் சேலை விற்றது. கேட்ட விலைக்கெல்லாம் கொடுத்தேன்.

அவன் இப்போது லாரியில் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பண்டிகை நெருங்கும்போதெல்லாம், நான் எந்த ஊரில் இருந்தாலும், அவன்தான் என்னைத் தேடி ஆள் விடுகிறான். வருகிறவர்கள் பொட்டலத்தில் திருநீறு கொண்டுவந்து, தொட்டாவது கொடுங்கள் என்கிறார்கள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.