துரை சொல்லாத உத்தரவு

1. முதல் நாள்

கங்காணியான முதல் நாள் காலை, பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நானும் கொழுந்து பறிப்பவர்களோடு வரிசையில் போய் நின்றுகொண்டேன். பெயர் கூப்பிட வேண்டியவளே நான்தான் என்பது, கணக்கு எழுதும் கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் உறைத்தது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பெண் கங்காணி கிடையாது. பழைய கங்காணி நெஞ்சுவலியில் படுத்துவிட, தோட்ட மேனேஜரான துரை என்னைக் காட்டி, "இந்த அம்மா பார்க்கட்டும்" என்றார். நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஒரு மாதமாகியும் யாரும் வந்து கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

2. இரவல் வாய்

முப்பது பேருக்கு வேலை சொல்ல வேண்டும். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். என் பெயரில் எதையும் சொல்ல வாய் வராது. அதனால் எல்லாவற்றிலும் துரையைச் சேர்த்துக்கொள்வேன். "முத்தின இலைய பறிக்க வேணாம்னு தொர சொன்னாரு." "இந்த நெரைய முடிச்சிட்டுத்தான் தேத்தண்ணின்னு தொர சொன்னாரு."

ஒருநாள் அஞ்சலை அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா கங்காணி, தொர முந்தாநேத்தே ஈப்போ போயிட்டாரு லா. கனவுல வந்து சொன்னாரா?"

"கனவுல வந்தா இதோட வீட்டுக்காரரு சும்மா வுடுவாரா?" என்றாள் பக்கத்து நிரைக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் எரிந்தது.

3. சூடேறிய மூட்டைகள்

அடுத்த வாரம் ஒரு மதியம். கிராணி இலையை நிறுத்து, மூட்டைகளைக் கட்டவைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். ஃபேக்டரிக்கு இலை ஏற்றிப்போகும் லோரி வரவில்லை. திரிங்காப் பக்கம் முட்டைக்கோஸ் லோரி கவிழ்ந்து பாதை அடைத்துக் கிடப்பதாக மோட்டார் சைக்கிளில் வந்தவர் சொன்னார்.

ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். கஞ்சிப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது. இறுக்கிக் கட்டிய பச்சை இலை சூடேறினால் சிவந்துவிடும். சிவந்த இலையை ஃபேக்டரி எடுக்காது. முப்பது பேரின் ஒருநாள் வேலை குப்பைக்குப் போகும். உடனே அவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஆனால் நிறுத்துக் கட்டிய மூட்டையைக் கிராணி சொல்லாமல் தொடக்கூடாது. தொட்டுத் தப்பாகிவிட்டால் என் கங்காணி வேலை அன்றோடு சரி. ஆபீசுக்கு ஆள் அனுப்பலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கையைப் பிசைந்துகொண்டே அரை மணி நேரம் நின்றேன்.

பிறகு சொன்னேன்: "மூட்டைய அவுத்து கொட்டகை தரையில கொட்டுங்க. மெல்லிசா பரப்புங்க."

"கிராணி வந்து, யாரு சொன்னான்னு கேட்டா?" என்றார் அஞ்சலை அக்கா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப சரி. அடியே, வாங்கடி!" முதல் முடிச்சை அவர்தான் அவிழ்த்தார்.

லோரிக்கு முன்னால் துரையின் ஜீப் வந்தது. கூடவே கிராணி. "எவ அவுக்கச் சொன்னது?" என்று கிராணி இறங்கும்போதே கத்தினார்.

"நான்தாங்கய்யா."

துரை ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்து பார்த்தார். பச்சை வாசனை அப்படியே இருந்தது. மூலையில் தனியே ஒதுக்கியிருந்த ஆறு மூட்டைச் சிவந்த இலையைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"அது நான் பயந்துகிட்டு நின்ன நேரம், தொர."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமா பயப்படு."

மீதி இலை முழுவதையும் ஃபேக்டரி எடுத்துக்கொண்டது. நான் எண்பதுகளின் கடைசிவரை கங்காணியாக இருந்தேன். நான் தப்பான ஆள் என்பதை இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்காமல் ஒருநாளும் பெரட்டுக்குப் போனதில்லை. பொறுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: பயம் போனபிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது. நிற்கிற நேரத்தில் இலைதான் சிவக்கும்.