அக்னஸ் போட்ட இரை

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அக்னஸ் உதவியாளராகச் சேர்ந்தது எழுபத்தெட்டாம் வருஷம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்து, அங்கேயே ராசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். முந்தைய நவம்பரில் அடித்த புயலில் ராசப்பனும் ஆறு வயது மகள் ரோசரியும் போய்விட்டார்கள். திருச்சி மன்னார்புரத்தில் குடியிருந்த அக்கா செல்வமேரி வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். கடல் இல்லாத ஊர் என்பதால்தான் அக்னஸ் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினாள்.

எண்பத்தொன்று ஜூனில் துறைத்தலைவி லூர்துராணி, மாணவிகளுக்காகக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்க ஏற்பாடு செய்தார். நாகையிலிருந்து வேனில், பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் வந்தது. மணலும் பவளக்கல்லும் வந்தன. மஞ்சள் உடம்பில் கருப்புப் பட்டை போட்ட ஏழு குட்டி மீன்களும் வந்தன. முதல் கேனைத் திறந்ததுமே எழுந்த வாடையில் அக்னஸுக்குத் தலை சுற்றியது. வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று லூர்துராணி சொன்னார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அக்னஸ் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவிகளில் சிலர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அக்னஸ் அவர்களை விரட்டவில்லை.

மூன்றாவது வாரம் மணலின் மேல் காப்பிக் கறைபோலப் பழுப்பாக ஏதோ படிந்தது. துடைத்தால் மறுநாள் திரும்ப வந்தது. அடுத்து, கல்லில் பச்சை மயிர்போலப் பாசி முளைத்தது. புதுத் தொட்டி என்றால் அப்படித்தான், தானாக அடங்கும், வெயில் மட்டும் படக்கூடாது என்றார் லூர்துராணி. தீனியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொன்னார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை போதும் அக்னஸ். மிஞ்சுற தீனி அழுகி, பாசிக்குத்தான் உரமாகும்."

அக்னஸ் தலையாட்டினாள். ஆனால் அவள் பக்கத்தில் வந்தாலே ஏழு மீனும் கண்ணாடிக்கு ஓடிவரும். வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகவில்லை. லூர்துராணி வருவதற்கு முன்னால் ஒரு தரம், போன பிறகு ஒரு தரம், காய்ந்த கூனி இறால் பொடியை அள்ளிப் போட்டாள்.

பாசி பெருகியது. ஜன்னலுக்குக் கருப்புத் தாள் ஒட்டினார்கள். தண்ணீரைப் பாதி மாற்றினார்கள். அக்னஸ் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கல் கல்லாகத் தேய்த்தாள். தேய்த்துவிட்டுத் தீனியும் போட்டாள். கடைசியில் தண்ணீரே பச்சையாகி, மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. எல்லாம் சொன்னபடி செய்தும் ஏன் இப்படி என்று லூர்துராணி குழம்பினார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் லீவாயிற்றே என்று அக்னஸ் இரண்டு பிடி சேர்த்துப் போட்டுவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. ஐந்து மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. மற்ற இரண்டும் காற்றுக்குழாயின் குமிழிகளுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

லூர்துராணி வந்தபோது அக்னஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பீங்கான் தட்டில் செத்த மீன்கள்.

"நான்தான் மேடம். தினம் ரெண்டு வேளை போட்டேன். நீங்க சொன்னத கேக்கல."

"எதுக்கு அக்னஸ்?"

அக்னஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். புயலுக்கு முந்தின நாள் விறகெல்லாம் நனைந்து அடுப்பு பற்றவில்லை. ரோசரி கஞ்சி கேட்டுச் சிணுங்கினாள். விடியட்டும் கண்ணு, காய்ச்சித் தரேன் என்று அக்னஸ் படுக்க வைத்தாள். குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. விடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

"வெறும் வயித்தோட படுக்க வச்சிட்டேன் மேடம் என் புள்ளைய."

நான்கு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செல்வமேரியிடம்கூட. லூர்துராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வகுப்புக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"தீனிய இனிமே நான் போடட்டுமா?" என்று கேட்டார் பிறகு.

"வேணாம் மேடம். நானே போடறேன். அளவா போடறேன்."

அன்றே அழுகிய தீனியையெல்லாம் மணலோடு வழித்தெடுத்தார்கள். நாகையிலிருந்து இன்னும் இரண்டு தடவை தண்ணீர் வந்தது. சிட்டிகைக்கு மேல் அவள் போடவில்லை. தீனி இல்லாத நாட்களில் அந்த இரண்டு மீனும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறக்கும்போது, ஆய்வுக்கூடத்தின் மறுகோடிக்குப் போய், கழுவிய பாட்டில்களையே மறுபடியும் கழுவினாள். சில நாள் அழுதாள். நவம்பரில்தான் தண்ணீர் தெளிந்தது. கல்லில் மட்டும் மெல்லிய பச்சை தங்கியது. அது இருக்கட்டும் என்றார் லூர்துராணி.

அந்த மாதம் மாதாகோயிலில் ரோசரிக்காகப் பூசை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது, அந்த ராத்திரியைப் பற்றி அக்காவிடமும் சொன்னாள். செல்வமேரி வழியிலேயே நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதனால் அக்னஸுக்குப் பாரம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. ஆனால் அதைத் தெரிந்தவள் ஒருத்தி இப்போது வீட்டில் இருந்தாள்.

அடுத்த கோடையில் ஒரு மீன் காரணம் தெரியாமல் செத்தது. மற்றது எண்பத்துநான்கு வரை இருந்தது. மாணவிகளை நாகைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் லூர்துராணி அவளையும் கூப்பிடுவார். நீங்க போயிட்டு வாங்க மேடம் என்பாள் அக்னஸ். ஒரு தடவைகூடப் போகவில்லை.