சொல்லாமல் விட்ட பாதி

ஸ்டானிஸ்லாஸை ரூபன் முதலில் பார்த்தது ஈப்போவின் புந்தோங் மண்டபத்தில், தன் பேச்சு முடிந்து கூட்டம் மீகூன் சாப்பாட்டுத் தட்டுகளை நோக்கி நகர்ந்தபோது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள், அதுவும் உளவியல் படித்தவன் என்று அவனைப் பற்றி மேடையில் சொல்லியிருந்தார்கள். அந்த மிதப்பு அவனுக்கு இன்னும் இறங்கவில்லை. பெரிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் கலகக்காரர்களும் உள்ளுக்குள் எப்படிக் கொதித்தார்கள், எப்படி உடைந்தார்கள் என்று பேசியிருந்தான். புத்தி பிசகாமல் புதுசு பிறக்காது என்று அவன் முடித்ததும் மண்டபம் கைதட்டியது.

நகக்கண்ணில் கல்தூசி படிந்த ஒருவர் அவன் கையைப் பிடித்தார். "அப்ப எனக்கு இருக்கிறது சீக்கு இல்லையா தம்பி?"

"பெரிய ஆளுங்களுக்கெல்லாம் இருந்ததுதான் அண்ணே," என்று ரூபன் சிரித்துவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி எல்ஸி, கூட்டத்து அழைப்பிதழில் இருந்த ரூபனின் எண்ணுக்குப் போன் செய்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்தவர்கள் அவர்கள். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளியின் கடையில் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுவது ஸ்டானிஸ்லாஸின் வேலை. பத்து வருடத்துக்கு முன் மூன்று மாதம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர், அன்றுமுதல் மாத்திரையோடு ஒழுங்காக இருந்தார். ரூபனின் பேச்சைக் கேட்ட மறுநாளே அதை நிறுத்திவிட்டாராம்.

கடைக்குப் போனான் ரூபன். வலேரி என்கிற பெண் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த தன் அம்மாவுக்கு ஒரு கல்லறைக் கல் சொல்லியிருந்தாள். பெயர், இரண்டு தேதி, அவ்வளவுதான். தவுக்கே பினாங்கு போயிருந்த இரண்டு நாளில், யாரையும் கேட்காமல் அதில் பதினோரு வரி வெட்டியிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். அவற்றில் இரண்டு:

"பாதி உயிர் பால்மரத்துக்கு, மீதி பிள்ளைகளுக்கு;
தனக்கென்று வைத்துக்கொண்டது இருமல் மட்டும்."

வலேரி அதைப் படித்து அழுதாளாம். பிறகு, இந்தக் கல் வேண்டாம், அம்மாவை ஊர் பார்க்க இப்படி நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றார் தவுக்கே. ரூபன் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தான். வரிகள் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போனான்; அவர் உட்காரவே இல்லை. சுவரெல்லாம் பென்சில் வரிகள். மாத்திரையை விடக்கூடாது என்று ரூபன் ஆரம்பித்ததும், "மாத்திரை போட்டா கல்லு வெறும் கல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார். "நீங்க சொன்ன ஆளுங்க, நல்லா இருந்தப்பவும் எழுதினாங்களா?"

"பல பேரு நல்லா இருந்த நாள்லதான் நெறைய எழுதினாங்க அண்ணே. முடியாம கெடந்தப்ப ஒண்ணும் ஓடல."

"அத ஏன் அன்னைக்குச் சொல்லல?"

ரூபன் தரையைப் பார்த்தான். "அதுக்குக் கை தட்ட மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

எல்ஸி தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நின்றார். ஸ்டானிஸ்லாஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கையில் எடுத்தார்.

"படிச்ச பையன் சொன்னான்னு நான் இதப் போடல லா. இவ மூணு நாளா தூங்கல, அதுக்குத்தான்."

விழுங்கினார்.

ஸ்டானிஸ்லாஸ் இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார். கல் மெருகேற்றுகிறார், எழுத்து வெட்ட வேறு ஆள் வந்துவிட்டார். மாதம் ஒருமுறை எல்ஸியோடு கிளினிக் போகிறார். அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை.