போதகர் போட்ட பெருக்கல் குறி

போதகர் ரைன்ஹோல்ட் கார்டெலுக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. சார்னிட்ஸ் கிராமத்தில் முப்பத்திரண்டு வருஷம் லுத்தரன் போதகராக இருந்தார். அதில் பாதியை நடந்தே கழித்திருப்பார். சாவு வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனாலும் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டேதான் சொல்வார். "பாஸ்டர் வந்துட்டுப் போனா தரைக்கு மெழுகு போட வேண்டாம், அவர் பூட்ஸே தேச்சுடும்" என்பாள் உருளைக்கிழங்குக் கொட்டகையில் வேலை செய்த எர்னா டெஸ்ஸின். அவர் முகத்துக்கு நேரேயே சொல்வாள்.

அந்த நிலைகொள்ளாமை எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியும். அவருடைய அப்பாவும் போதகர்தான், போமரானியாவில். நாஜிகளின் பழுப்புச் சட்டைக்காரர்கள் கோயிலுக்குள் கொடி மாட்டச் சொன்னபோது மாட்டினார். ஓட்டுப் போடச் சொன்னபோது போட்டார். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டு, போர் முடியும் சமயத்தில் குடும்பத்தோடு பனியில் மேற்கே நடந்தவர், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு மனைவியிடம் ஒன்று சொன்னார்: "ஒரே ஒரு தடவையாவது மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், இல்ல?" நாலாம் நாள் செத்துப்போனார். ரைன்ஹோல்டுக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா சொல்லாமல் விட்ட அந்த 'மாட்டேன்' அன்றைக்கே பையன் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு வந்த ஆட்சி தொழிலாளிகளின் ஆட்சி. கொடியின் நிறம் மாறியது. ஆமாம் கேட்பது மட்டும் மாறவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். சீட்டில் கட்சி ஒப்புக்கொண்ட பெயர்கள் மட்டும் இருக்கும். சீட்டை வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டால் ஆமாம். ஊரில் யாரும் ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னதே கிடையாது. "காகிதம் மடிச்சிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். மாட்டேன் என்கிறவர் கோடி மூலையிலிருக்கும் தட்டிக்குப் பின்னால் போக வேண்டும். வகுப்பறை முழுவதையும் கடந்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரின் கண் முன்னால் போக வேண்டும். கார்டெல் ஒவ்வொரு முறையும் போனார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, மூலைக்கு மூலை பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு மட்டும் அவர் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

சும்மா கிடைத்த நிம்மதி இல்லை அது. எழுபத்தொன்பதில் அவருடைய ஒரே மகள் கெர்லிந்துக்குப் பதினாறு வயது. வகுப்பில் முதல் மாணவி. மாட்டு வைத்தியராக வேண்டும் என்று ஆசை. அதற்கு நகரத்து மேல்பள்ளியில் இடம் வேண்டும். தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு ஹெட்மாஸ்டர் லோதார் பெனெக்கே போதகர் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். ஓட்டுச் சாவடிக்குத் தலைவரும் அவர்தான்.

"இந்தத் தடவை தட்டிக்குப் பின்னால போகாதீங்க பாஸ்டர். மடிச்சுப் போட்டுட்டு வந்துடுங்க. அவர் மாறிட்டார்னு நான் மேல எழுதறேன். பொண்ணுக்கு இடம் கிடைச்சுடும்."

"என் பொண்ண வச்சு எங்கிட்ட பேரம் பேச வந்தீங்களா?"

"பேரம் பேச எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? அங்க நீங்க என்ன கிறுக்கறீங்கன்னு எவனும் கேக்கல. மூலைக்கு நடந்து போறீங்க. அதுதான் ஃபைல்ல இருக்கு."

கார்டெல் பத்து நாளும் சமையலறை மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூலைக்குத்தான் நடந்தார். மேல்பள்ளியில் இடம் இல்லை என்று பதில் வந்தது. கெர்லிந்த் அழவில்லை. கூட்டுப் பண்ணையில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவருடைய மனைவி ஹெட்விக்தான் ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உங்க மனசாட்சிக்குச் சாணி அள்றது எம் பொண்ணு." ஐந்து வருஷம் கழித்து ஹெட்விக் இறந்தாள். அந்த வாக்கியம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து வசந்தத்தில் ஊரே அவரோடு சேர்ந்து நிலைகொள்ளாமல் ஆனது. கூட்டுப் பண்ணையின் பன்றிக் கொட்டகைக் கழிவு கிணறுகளில் இறங்கிவிட்டது. கைக்குழந்தைகளுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. மே மாதத் தேர்தலுக்கான சீட்டில் முதல் பெயரே பண்ணைத் தலைவருடையது. ஒருவர் பின் ஒருவராகப் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "மடிக்க மாட்டோம். எப்படிச் செய்யணும்னு சொல்லிக் கொடுங்க." கார்டெலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய செய்தித்தாளை மேஜைமேல் விரித்து, சிவப்புப் பென்சிலால் போட்டுக் காட்டினார். "இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. நல்லா அழுத்தி. பயப்படாதீங்க, நான் இருபது வருஷத்துக்கு மேல போடறேன்." இருபத்திரண்டு பேர் கற்றுக்கொண்டு போனார்கள்.

மே ஏழாம் தேதி தேர்தல். ஆறு மணிக்கு ஓட்டு எண்ணுவார்கள். பார்க்க யாரும் வரலாம் என்று சட்டத்தில் எப்போதும் இருந்தது. வந்ததுதான் யாருமில்லை. அன்றைக்குக் கார்டெல் போனார், எர்னா போனாள், இன்னும் ஏழெட்டுப் பேர். கெர்லிந்தும் கொட்டகையிலிருந்து அப்படியே வந்து கதவோரம் நின்றாள். பெனெக்கே பெட்டியைக் கவிழ்த்தார். சீட்டுகளைப் பிரித்து ஒரே குவியலாக அடுக்கினார். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட சீட்டு ஒன்று வந்தது. அதையும் அதே குவியலில் வைத்தார். இன்னொன்று. அதையும்.

"அது எதிர்ப்பு. தனியா வைக்கணும்" என்றார் கார்டெல்.

"இல்லையே. ஒவ்வொரு பேரா தனித்தனியா அடிச்சிருந்தாதான் எதிர்ப்பு. இதுல ரெண்டு கோடு இருக்கு. எந்தப் பேரும் முழுசா அடிபடல. அப்ப ஆமாம்தான்." பெனெக்கே வழிகாட்டிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

"இத்தனை வருஷமா என்னோடது?"

"அதுவும் இங்கதான் வந்தது." பெனெக்கேயின் குரலில் கேலி இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உங்களுக்குத் தெரியும்னே நெனச்சேன் பாஸ்டர். சாமிக்கும் கோணாம எங்களுக்கும் கோணாம கெட்டிக்காரத்தனமா நடந்துக்கறாருன்னு நெனச்சேன்."

இருபத்துமூன்று பெருக்கல் குறிகளை கார்டெல் தன் கண்ணால் எண்ணினார். பெனெக்கே கரும்பலகையில் எழுதினார்: எதிர்ப்பு, ஒன்றும் இல்லை. எர்னா தொண்டையைக் கனைத்தாள். "அப்ப நான் சாகற பயத்தோட மூலைக்குப் போனதெல்லாம் பண்ணைத் தலைவருக்கு ஓட்டுப் போடத்தானா?"

திரும்பும் வழியில் அப்பாவும் மகளும் மட்டும் நடந்தார்கள். அவர் வேகமாக நடந்தார். அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள், அவர் நின்று நின்று வர வேண்டியிருந்தது.

"நீ என்ன போட்டே?" என்றார்.

"மடிச்சுப் போட்டேன். வீப்கே செப்டம்பர்ல பள்ளிக்கூடம் சேரணும். பெனெக்கேகிட்டதான் சேரணும்." வீப்கே அவளுடைய ஆறு வயது மகள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பீங்க. இப்ப பாருங்களேன். நான் மடிச்சுப் போட்டேன், நீங்க கோடு போட்டு மடிச்சீங்க. ரெண்டும் ஒரே குவியல்தான்ப்பா. நான் மட்டும் பத்து வருஷமா மாட்டுக் கொட்டகையில இருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் தன் வீட்டுச் சந்தில் திரும்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவர் உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை மாவட்டப் பத்திரிகையில் சார்னிட்ஸின் பெயர் வந்தது: நூற்றுக்கு நூறு. கார்டெல் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு பேர் வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம்: "நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்." சிலர் காபி கொடுத்தார்கள். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. எர்னா ரூபார்ப் கேக்கை வெட்டிக்கொண்டே, "சட்டத்தைப் படிச்சுப் பாக்காம வேதத்தை மட்டும் படிச்சா இப்படித்தான்" என்றாள். பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். அவர் கேக்கைத் தொடாமலே சைக்கிளை எடுத்தார். அப்பா ஆமாம் என்று தெரிந்தே ஆமாம் சொன்னார். தான் தெரியாமலே சொல்லியிருக்கிறோம், அதற்கு மகளையும் பலி கொடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. மகள் வீட்டுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் வீப்கே வந்து, "அம்மா கன்னுக்குட்டி பாக்கப் போயிருக்கா" என்று ஒப்பித்தாள்.

அடுத்த ஞாயிறு பெந்தெகொஸ்தே. பீடத்தின் இரு பக்கமும் பிர்ச் மரக் கிளைகள் கட்டியிருந்தார்கள். பண்டிகையானதால் கோயில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார்; பண்டிகைக்குப் பண்டிகை மாவட்டத்திலிருந்து வந்து குறிப்பெடுத்துப் போகிறவர், ஊருக்கே தெரியும். கெர்லிந்த் மகளோடு மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் எப்போதும்போல அறிவிப்புகள். ஒரு ஞானஸ்நானம் வாசித்தார். ஒரு சாவு வாசித்தார்: டிராக்டர் ஓட்டி வந்த வில்லி ஹாகன்சோவ், எழுபத்தொன்று. சாவு அறிவிப்புக்கு எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்து உட்கார்வது வழக்கம், எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். கார்டெல் மூன்றாவது காகிதத்தைப் பிரித்தார். நடக்க இடமில்லாத பிரசங்க பீடத்தில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் இருபத்திரண்டு பேரும் நானும் மாட்டேன் என்று சொன்னோம்" என்று வாசித்தார். "அதை ஆமாம் என்று எண்ணியிருக்கிறார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை என்று பத்திரிகையில் வந்திருப்பது பொய். சீட்டை எப்படி அடிப்பது என்று தப்பாகக் கற்றுக்கொடுத்தது நான். அந்தத் தப்புக்கு என் வீட்டிலேயே ஒருத்தி பத்து வருஷமாகக் கஷ்டப்படுகிறாள். அவளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

கடைசி வரிசைக்காரர் நோட்டை எடுத்தார். அப்போது எர்னா டெஸ்ஸின் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எர்னாம்மா, உட்காருங்க. யாரோட பேரையும் நான் கேக்கல" என்றார் கார்டெல்.

"செத்தவங்களுக்கு எழுந்து நிக்கறோம். என் ஓட்டுக்கும் நிக்கறேன்" என்றாள் அவள், காது கேளாதவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அன்னிக்குத்தான் சரியா எண்ணல. இப்ப எண்ணட்டும்."

அவளுக்குப் பின்னால் ஊர்த் தச்சர் எழுந்தார். பிறகு அவர் மனைவி. பிறகு கதவைத் திறக்காத அந்த மனிதர். கார்டெல் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. அவ்வளவுதான், எல்லோரும் எழுந்தாயிற்று. பயத்தாலா பெருமையாலா என்று தெரியாமல் அவருக்குக் கண் நிறைந்தது. ஆமென் சொல்லிவிட்டு இவர்களை உட்காரவைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

மூன்றாம் வரிசையில் இருபத்துமூன்றாவதாக ஒருத்தி எழுந்தாள். சீட்டை மடித்துப் போட்டவள். நிற்க வேண்டிய அவசியமே இல்லாதவள். வீப்கே அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா" என்றாள். பின்னால் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கெர்லிந்த் அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.