இனிப்பு சேராத உடம்பு

பிறந்தபோது வைத்த பெயர் என்று அவனுக்கும் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். நடை பழகிய நாளிலிருந்து அவன் உப்புக்கட்டிதான். தெருவில் மற்றப் பிள்ளைகள் மிட்டாய்க்கு அழுதபோது இந்தப் பிள்ளை மிட்டாயைக் கண்டு அழுதது. வாழைப்பழத்தை நீட்டினால் வாயைப் பூட்டிக்கொள்ளும். சர்க்கரை போட்ட பாலை ஊற்றினால் ஊற்றினவள் மேலேயே அது திரும்பி வரும். வெறும் சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்தாலோ வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பாத்திரத்தைப் பார்க்கும்.

அவனை வளர்த்தது அக்கா. அவன் தவழும் முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், தன் வீட்டுக்கே விருந்தாளி போல வந்து போவார். விளையாட வேண்டிய வயதில் அக்கா இடுப்பில் தம்பியோடு நின்றாள். பிள்ளை நோஞ்சானாக இருக்கிறானே, தெம்புக்கு இனிப்புக் கொடு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவளும் தட்டாமல் செய்தாள். மூக்கைப் பிடிப்பாள், வாய் திறந்த நொடியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றுவாள். அவன் துப்புவான். மறுபடி ஊற்றுவாள், மறுபடி துப்புவான். கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். வீம்பு பிடித்த பிள்ளை என்று முடிவு கட்டியாகிவிட்டது. அவனும் அதை நம்பினான். நாம் நல்ல பிள்ளையாக இருந்தால் நமக்கும் இனித்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டான், பாவம்.

வளர வளர மறைக்கக் கற்றுக்கொண்டான். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக்கை வாயில் திணித்தார்கள். மரியாதைக்கு விழுங்கித் தொலைத்தான். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு மேல் வேர்த்து, நெற்றி சில்லிட்டு, பென்சில் பிடித்த கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தான். அதற்குப் பிறகு யார் இனிப்புக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான்.

சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் மெஷினில் உட்கார்ந்த பிறகும் அதே கதைதான். யாருக்காவது குழந்தை பிறந்தால் வரிசை முழுக்கக் கேக் வரும். இவன் பங்கு காகிதத்தில் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போகும். பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற பெண் ஒருநாள் இவனையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க தெக்கிற காலர் சரியாத்தான் இருக்கு. நீங்க போட்டிருக்கிற காலர்லதான் எறும்பு ஊர்வலம் போகுது. பையில என்ன வெச்சிருக்கீங்க?"

அவன் காகிதத்தை எடுத்துக் காட்டினான். தனக்கு இனிப்புப் பிடிக்காது என்று முதல்முறையாக ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னான்.

"இதுக்கா முழிக்கிறீங்க? இனிமே உங்க பங்கை என்கிட்ட தள்ளிடுங்க."

தள்ளினான். கேக்கைத் தள்ளித் தள்ளியே கல்யாணத்தில் வந்து நின்றார்கள். அவள் சர்க்கரையை வெறும் வாயில் போட்டு மெல்லுகிறவள், அவன் தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடிக்கிறவன். ஒருவர் டம்ளரை ஒருவர் மாற்றி எடுத்துவிட்டால் அன்றைக்குக் காலை வீட்டில் சிரிப்புத்தான்.

பாப்பா பிறந்தாள். தாய்ப்பால் குடித்தவரைக்கும் கொழுகொழுவென்று இருந்தாள். தூக்குகிறவர்கள் இடுப்பு மாற்றித்தான் தூக்க வேண்டும். பழம் பிசைந்து கொடுக்கத் தொடங்கினார்கள், வந்தது வினை. தின்றால் வாந்தி. சத்துமாவில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாலும் வாந்தி. கன்னம் வற்றியது, வயிறு மட்டும் உப்பியது. தெருமுனை டாக்டர் வாந்தி நிற்க ஒரு சிரப் கொடுத்தார். வாந்தி கூடியது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தட்டியது. அக்கா தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் கைவசம் எப்போதும் இருந்த வைத்தியம் சர்க்கரைத் தண்ணீர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அக்கா மடியில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். பாப்பா முகத்தைத் திருப்பி, நாக்கால் உதட்டைத் தள்ளி அடைத்துக்கொண்டாள். இரண்டு மடக்கு எப்படியோ உள்ளே போனது. உப்புக்கட்டி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். சற்றைக்கெல்லாம் அந்தப் பிஞ்சு உதட்டுக்கு மேல் முத்து முத்தாக வேர்த்தது. நெற்றியைத் தொட்டான், சில்லென்று இருந்தது. குழந்தையின் விரல்கள் நடுங்கின. இந்த வேர்வை அவனுக்குத் தெரியும். இந்த நடுக்கம் அவனுடையது.

அக்காவின் கையைப் பிடித்தான். "அக்கா, வேணாம்."

"வாந்தி எடுத்த புள்ளைடா. வயிறு காலியா கிடக்கு. தண்ணியாவது இறங்கட்டும்."

"இறங்க வேணாம்."

"உன் வீம்பை உன்னோட வெச்சுக்கோ. புள்ளைக்கும் அதைக் கத்துக்கொடுக்காதே."

ஆயுளில் அவன் அக்காவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் குரல் உயரவில்லை. கிண்ணத்தை வாங்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினான். மனைவி அடுப்படி வாசலில் சிரப் பாட்டிலோடு நின்றாள். அது இனிக்குமா என்று அவளைக் கேட்டான். மூடியில் ஒட்டியிருந்ததை அவள் நக்கிப் பார்த்தாள். தேனாக இனிக்கிறது என்றாள்.

"அப்ப அதுவும் வேணாம். கிளம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

போய்ச் சேர்வதற்குள் பாப்பா துவண்டுவிட்டாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் ஓட்டமாக ஓடினாள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்ததாம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ந்த செடிக்குத் தண்ணீர் விட்டதுபோல் குழந்தை கண்ணைத் திறந்தது, சிணுங்கியது, பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியிடம் திரும்பினாள்.

"சர்க்கரை இல்லாமத்தான் சுருண்டுடுச்சாம், கேட்டியா? நான் கொடுத்ததைத்தான் நீ கொண்டுபோய்க் கொட்டினே."

மனைவியும் அவனைப் பார்க்கவில்லை. பெற்ற குழந்தையைத் தன் கிறுக்குக்குப் பலி கொடுக்கப் பார்த்தோமோ என்று சுவரோடு சுவராக நின்றான். அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்து குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, இது எப்போது ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். யாருக்கும் கிடையாது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். சும்மா இருந்துவிட்டால் அவன் மானம் பிழைக்கும். அவன் சும்மா இருக்கவில்லை.

"எனக்கு உண்டு," என்றான்.

கேக்கை விழுங்கிய கதை, வேர்வை, நடுக்கம், பையில் ஒளித்த இனிப்பு என்று எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னான். டாக்டரம்மா அவனை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொத்தைப் பல் இல்லை.

"இனிப்புப் பிடிக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எல்லாரும்தாங்க."

"பிடிக்காம இல்ல. உங்க உடம்புக்குச் சேராது. உடம்பு சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கீங்க."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். வீட்டுச் சர்க்கரை ஒன்றல்ல, இரண்டு சர்க்கரை ஒட்டியது. ஒரு பாதி குளுக்கோஸ், ஊசி வழியாக ஏறுவது அதுதான், அது நல்லது செய்யும். மறு பாதி பழச்சர்க்கரை. வினை அதில்தான் இருக்கிறது. ஈரலில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பழச்சர்க்கரை உள்ளே வந்ததும் ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட் என்கிற துணுக்கை மாட்டி அனுப்பும். அடுத்த நொதி அதை இரண்டாக வெட்ட வேண்டும். அந்த வெட்டுகிற நொதிதான் இவனிடமும் பாப்பாவிடமும் இல்லைபோலத் தெரிகிறது என்றார். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரியுமாம்.

அக்கா ஒன்றும் புரியாமல் விழித்தாள். மனைவி மட்டும் மெல்ல நிமிர்ந்தாள்.

"கட்டிங் மாஸ்டர் வராத நாள் மாதிரிங்களா? கிளிப் மாட்டின துணியெல்லாம் அவர் மேசையிலயே மலையாட்டம் குவிஞ்சுடும். கிளிப் பூரா அதுல மாட்டிக்கிட்டா மத்தவங்களுக்கும் கிளிப் கிடைக்காது. மொத்த வரிசையும் நின்னுடும்."

அதேதான் என்றார் டாக்டரம்மா. பாஸ்பேட் எல்லாம் அங்கேயே சிக்கிக்கொள்வதால் செல்லுக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது. ஈரல் தான் சேர்த்து வைத்திருக்கிற குளுக்கோஸைக்கூட வெளியே விட முடியாமல் தவிக்கும். அதனால்தான் இனிப்பு உள்ளே போகப் போக ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது.

"அந்தாளு வெட்டுறதுக்கு அளவு அட்டைன்னு ஒண்ணு இருக்குமே," என்றாள் மனைவி. "அது இவருக்குக் கிழிஞ்சு போச்சுங்களா?"

"எல்லாருக்கும் அட்டை ரெண்டு ரெண்டா இருக்கும்மா. அம்மா தந்தது ஒண்ணு, அப்பா தந்தது ஒண்ணு. அவருக்கு ரெண்டும் பழுது. குழந்தைக்கும் ரெண்டும் பழுதுன்னா, ஒண்ணு உங்ககிட்டேருந்து வந்திருக்கணும். உங்ககிட்ட நல்ல அட்டை இன்னொண்ணு இருக்கறதால உங்களுக்குத் தெரியல."

சர்க்கரையை வெறும் வாயில் மென்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சுவரோரம் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. பின்னால் வந்த சோதனை முடிவும் டாக்டரம்மா சொன்னதையேதான் சொன்னது.

அக்காவைக் காணோம். தேடிப் போனால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவனும் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"மூக்கைப் பிடிச்சு ஊட்டினேனேடா."

"ஊட்டினே. நானும் உன் மேலேயே துப்பினேன். கணக்குச் சரியாப் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. "என்னமோ பண்ணுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது அக்கா? எல்லாருக்கும் இனிக்கிறது எனக்கு மட்டும் பயமா இருக்குன்னா?"

அவள் அவன் தலையைத் தன் முழங்காலோடு சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஆட்கள் படியேறி இறங்கினார்கள். இவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்களே தவிர எழுந்திருக்கவில்லை.

இனி பழமும் சர்க்கரையும் தேனும் இல்லாமல், மருந்தையும் இனிப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கினால் பாப்பா நன்றாக வளர்வாள், ஈரலும் தேறிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பைக் கிள்ளிப் போட்டு, கட்டியில்லாமல் மசித்தாள் அக்கா. கரண்டியைக் கண்டதும் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசி, ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள். கரண்டி வந்தால் வேதனை வரும் என்று அந்தச் சின்ன உயிர் படித்துவைத்திருந்தது. கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள், பலிக்கவில்லை. அக்காவின் கை பழக்கத்தில் குழந்தையின் கன்னத்துப் பக்கம் போனது, பாதியில் நின்றது. கரண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

உப்புக்கட்டி அதைக் குழந்தையிடம் நீட்டவே இல்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தான் ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய் தின்றான். பாப்பா கடைக்கண்ணால் பார்த்தாள். அவன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் இவனே தீர்த்துவிடப் போகிறான் என்று மனைவி முணுமுணுத்தாள். மெதுவாக ஒரு கை வந்தது. கிண்ணத்துக்குள் விரலை விட்டது, வாயில் வைத்தது. சப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தது, என்ன ஆகப்போகிறதோ என்று. ஒன்றும் ஆகவில்லை.

பாப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.