கலீல் பாயின் மூக்கு

பூந்தமல்லி கலீலுல்லாவை அம்பத்தூர் எஸ்டேட்டில் "மூக்கு பாய்" என்றால்தான் தெரியும். எங்கள் ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்பதன மிஷினுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் மெக்கானிக். நான் திருவேங்கடம், அவருக்கு அடுத்த ஆள். மிஷின் அம்மோனியாவிலும் தண்ணீரிலும் ஓடுகிறது. யார் பார்க்க வந்தாலும் பாய் ஆரம்பித்துவிடுவார்.

"பாய்லர்ல வீணாப் போற சூட்ட வச்சே குளுரு பண்றோம் மாமே. வானத்த ஓட்ட போடற கேஸு நம்மகிட்ட ஒரு சொட்டுகூட கெடையாது."

உண்மைதான். ஆனால் அம்மோனியா கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் பொசுக்கிவிடும். கசிவைக் கண்டுபிடிக்கக் கந்தகக் குச்சி உண்டு. கொளுத்திக் காட்டினால் கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். பாய் அதைத் தொடவே மாட்டார். தினம் காலையில் ஒவ்வொரு வால்விலும் மூக்கை வைத்துப் பார்த்து "சுத்தம்" என்பார். அப்படி ஒரு கெத்து!

கொரோனாவில் அந்த மூக்கு போயிற்று. பாய் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பாய்லர் ரூமில் வயர் கருகி நாறியபோது, பக்கத்திலேயே நின்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். குச்சியையாவது நான் கொளுத்தியிருக்கலாம். பாய் முகம் சுண்டிப்போகுமே என்று விட்டேன், மடையன்!

போன மாசம் அவர் "சுத்தம்" சொன்ன அரை மணி நேரத்தில் வால்வு பிய்த்துக்கொண்டது. அங்கே தரை கழுவிக்கொண்டிருந்த லோகநாயகிக்கு இடது கண் பார்வை போய்விட்டது. அவள்தான் வால்வை இடித்திருப்பாள் என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள்.

மனசு கேட்காமல் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். கண்ணில் கட்டோடு எழுந்து நாற்காலி போட்டாள்.

"வா பாய். என் வாளிதான் இடிச்சிருக்கும்போல. நீ பாத்துப் பாத்து வச்சிகினு இருந்த மிஷினக் கெடுத்துட்டேன்."

பாய் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. அன்னிக்கும் சும்மாதான் மூக்க வச்சேன்."

"எனக்கும் தெரியும்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் சோறு துன்றப்போ, என் மீன்கொழம்பு வாசன ஆளயே தூக்குதுன்னுவியே பாய், அதுவும் பொய்யா?"