அவர் உடம்பு மறக்காத ரத்தம்

பட்டாளத்திலிருந்து லீவில் சங்கரன்கோவில் வந்த என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு அவர் குரூப் ரத்தமே கிடைத்தும், சோதனையில் அவர் ரத்தத்தோடு சேரவில்லை.

லேப் பெண் வந்து கேட்டாள். “அக்கா, அண்ணனுக்கு முன்னாடி ரத்தம் ஏத்திருக்கா? அடுத்தவங்க ரத்தம் ஏறுனா, அத எதிர்க்க உடம்புல உண்டாகுத ஆன்டிபாடி இருக்கு. அதுக்குத் தக்கன ரத்தம் தேடணும்.”

“இல்லையே” என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முன்ன ஒருக்க பட்டாளத்துல இருந்து, காய்ச்சல்னு போன்ல சொன்னேம்லா, அது காய்ச்சல் இல்லட்டி. ரத்தமா வாந்தி எடுத்தேன். ரத்தம் ஏத்தித்தான் பொழச்சேன்.”

“அப்பம் பக்கத்துல யாரு இருந்தா?”

“வேற யூனிட்டுக்காரன். ரத்தமும் குடுத்துட்டு, கையப் பிடிச்சிட்டே இருந்தானாம். பேருகூடத் தெரியாது.”

பொருத்தமான ரத்தம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. அவரும் தேறிவிட்டார்.

இப்போது அவரை ரயிலேற்றப் போகும்போதெல்லாம், பிளாட்பாரத்தில் நிற்கிற ஒவ்வொரு பட்டாளத்துக்காரர் முகத்தையும் பார்க்கிறேன். நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அன்று இருந்தவர் இவராக இருக்குமோ?